திரையில் எங்கள் அறை

ஏப்ரல் 22, திங்கள்

இந்த டைரியைக் கொடுத்தவள் பெனசீர். ஸ்மார்ட் போர்டு கம்பெனியிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் மதுரைப் பெண். என் மகனைவிடச் சின்னவள். "தினமும் என்ன கத்துக்கிட்டோம்னு ரெண்டு வரி எழுதுங்கம்மா. நான் வாங்கிப் பாக்க மாட்டேன். எழுதினாத்தான் மனசுல நிக்கும்" என்றாள். எழுதுகிறேன்.

இன்று கற்றுக்கொண்டது: போர்டின் சுவிட்சு பின்பக்கம் இருக்கிறது. இது தெரியாமல் நானும் லூர்துமேரி டீச்சரும் முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நூலகத்தில் பாதி அலமாரிகளை எடுத்துவிட்டார்கள். அந்தச் சுவர் முழுக்க இப்போது போர்டுதான். கறுப்பாக, ஒரு கதவைப் படுக்கவைத்து மாட்டியதுபோல இருக்கிறது. இந்தப் பள்ளியில் எனக்குப் பாதி ஆயுள் தையல் டீச்சராகப் போனது. தையல் பாடத்தை நிறுத்தியபின் நூலகத்தில் போட்டார்கள். அஞ்சல் வழியில் நூலகப் படிப்பும் படிக்கிறேன். பயிற்சி முடியும்வரை நான் நூலகர் இல்லை, பயிற்சி நூலகர். ஜூனில் பள்ளி திறக்கும்போது இந்த போர்டை இயக்கத் தெரிந்தவர்தான் நூலகர் என்று தாளாளர் சொல்லிவிட்டார். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. இதை விட்டால் வேறு வேலை கிடைக்காது.

எனக்கு இடது காது மந்தம். பெனசீர் அந்தப் பக்கம் நின்று சொன்னதில் பாதி போய்விட்டது. நாளை வலது பக்கம் நிற்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் குறை ஒன்றுமில்லை. தை மாதம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து மகன் சுரேன்தான் பார்த்துக்கொள்கிறான். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை போய் வந்தவன், அப்படியே அப்பாவுக்காக இருந்துவிட்டான். துடைத்துவிடுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவன்தான். முப்பது வயதுப் பையன். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை செய்யும்?

ஏப்ரல் 23, செவ்வாய்

போர்டில் விரலால் எழுதலாம். என் பெயரை எழுதினேன். செண்பகவல்லி என்பதில் 'வல்லி' போர்டுக்கு வெளியே போய்விட்டது.

ஏப்ரல் 26, வெள்ளி

கைபேசியில் இருப்பதை அப்படியே போர்டில் காட்டுவது இன்றைய பாடம். என் கைபேசியில் எடுத்து வைத்திருந்த மளிகைச் சாமான் சீட்டு சுவர் அளவுக்குப் பெரிதாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலை லூர்துமேரி டீச்சர் அவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார். இந்தப் பள்ளியில் என்னோடு மனம்விட்டுப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

"என்ன செண்பகம், அவரு கை இப்படிக் கன்னிப்போயிருக்கு?"

"ரத்தம் உறையாம இருக்க மாத்திர குடுக்குறாங்கல்ல டீச்சர். லேசா அமுக்கினாலே கன்னிடும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டு இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அப்பாவுக்கு ஆளுக வந்தா சந்தோசம் டீச்சர்" என்று சுரேன் சொல்லிவிட்டு டீ போட்டுக் கொண்டுவந்தான். கிளம்பும்போது டீச்சர் என் கையைப் பிடித்து, "தங்கமான பையன்" என்றார். கேட்க நிறைவாக இருந்தது.

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையில் கிளம்பும்போது அவர் அழுகிறார். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள், சிரிப்பார்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். இன்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போது அவருக்கு இருக்கிற பலமெல்லாம் அந்த இடது கையில்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது பிடிபட்டுவிட்டது. கடவுச்சொல்தான் மறந்து மறந்து போகிறது. மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்கிறது.

மே 3, வெள்ளி

இன்று கற்றது மிகவும் உபயோகமானது. பழைய கைபேசி ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி, கீழே புத்தகத்தை விரித்து வைத்தால், அந்தப் பக்கம் அப்படியே நம் கைபேசியில் தெரிகிறது. அதை போர்டில் காட்டிவிடலாம். கடைசி பெஞ்சுப் பிள்ளையும் எழுத்தைப் படிக்கும். அதற்கு ஒரு ஆப் இருக்கிறது. பெனசீரின் பழைய கைபேசியை வைத்துச் செய்து பார்த்தோம்.

"ஏம்மா, வீட்டுல பழைய போன் கெடக்குதா? அதையும் இதுல சேத்துட்டீங்கன்னா இங்க இருந்தே ஐயா எப்படி இருக்காருன்னு பாத்துக்கலாம். சத்தமும் கேக்கும்" என்றாள்.

மூலை விரிசல் விட்ட என் பழைய கைபேசி சும்மாதான் கிடந்தது. நெட் போட்டு, சார்ஜரோடு சேர்த்து, சாமி படங்கள் இருக்கும் பலகையில் வைத்துவிட்டேன். அங்கேதான் பிளக் இருக்கிறது. படங்களுக்கு நடுவே வைத்ததால் தெரியாது. ஆப்பில் பெயர் கேட்டது. அதற்கு 'வீடு', பள்ளியில் உள்ளதற்கு 'நூலகம்' என்று நானே தமிழில் அடித்தேன்.

சுரேனிடம் சொல்ல வேண்டும். அவன் வெளியே போயிருந்தான்.

மே 4, சனி

படம் தெளிவாக வருகிறது. மதியம் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

மே 7, செவ்வாய்

சாப்பாட்டு வேளையில் திறந்தேன். சுரேன் ஊட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் வேகமாகத்தான் ஊட்டுகிறான். அவர் வாயில் இருப்பதை விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி. வாயைத் திறக்காவிட்டால் மூக்கைப் பிடிக்கிறான். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு ஊட்டத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. அவரும் சின்னக் குழந்தைபோல அடம்பிடிக்கிறார்.

"என்ன செண்பகம், சாப்பிடல?" என்றார் லூர்துமேரி டீச்சர். எனக்குப் பசியில்லை. டப்பாவை அப்படியே மூடிக் கொண்டுவந்தேன்.

அந்த ஆப் சார்ஜை வேறு அதிகம் இழுக்கிறது.

மே 8, புதன்

ஆப்பில் 'வீடு' திறக்கவில்லை. பயிற்சியில் கவனம் வேண்டும்.

மே 11, சனி

அவருக்கு உதடு கிழிந்திருக்கிறது. கரண்டியைக் கடித்துவிட்டார் என்று சுரேன் சொன்னான். தேங்காய் எண்ணெய் தடவினேன். தடவும்போது என் முகத்தையே பார்த்தார். நான் உதட்டை மட்டும் பார்த்துத் தடவினேன்.

சுரேனும் இளைத்துவிட்டான். நாள் முழுக்க அந்த அறையிலேயே கிடக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் நன்றாக இருந்த காலத்தில் கண்டிப்பானவர். லாரி புக்கிங் ஆபீசில் ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர், வீட்டிலும் அப்படியே இருந்தார். கோபம் வந்தால் கையில் எது கிடைத்தாலும் எடுப்பார். அதையெல்லாம் மனதில் வைக்காமல் அவன் இவ்வளவு செய்கிறான்.

மே 14, செவ்வாய்

இன்று நல்ல நாள். எழுதிவைக்க வேண்டும்.

பெனசீர் எல்லோரையும் தனித்தனியாகச் செய்யச் சொன்னாள். போர்டை இயக்கி, கைபேசியை இணைத்து, ஸ்டாண்டின் கீழ் புத்தகத்தை வைத்து, பக்கத்தைப் பெரிதாக்கி, ஒரு வரியை மஞ்சளில் கோடிட்டுக் காட்டினேன். தடுமாறவே இல்லை. அந்த எழுத்துகள் அத்தனை பெரிதாகச் சுவரில் நின்றதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கத் திணறுகிற கண் எனக்கு. அந்த வரியைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தேன்.

"இங்க இருக்குறவங்கள்ல நீங்கதாம்மா பர்ஸ்ட்டு" என்று பெனசீர் கைதட்டினாள். திங்கட்கிழமை தாளாளருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் செய்து காட்டப்போவது நான்தான். ஹெச்.எம். அம்மாவும் சரி என்றுவிட்டார்.

"வீட்டு கேமரா வேல செய்யுதாம்மா?" என்று கேட்டாள்.

"செய்யுது" என்றேன்.

மே 17, வெள்ளி

திறந்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு.

அவருடைய இடது மணிக்கட்டு துண்டால் கட்டில் சட்டத்தில் கட்டப்பட்டிருந்தது. கையை வீசி எதையாவது தட்டிவிடுவார், அதற்காக இருக்கும். ஆஸ்பத்திரியிலும் குளுக்கோஸ் ஏற்றும்போது கட்டத்தான் செய்தார்கள். சுரேன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். சத்தத்தை நான் கூட்டவில்லை. பேசப் பேச அவர் முகத்தைத் திருப்பினார். சுரேன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். அப்புறம் ஹெச்.எம். அம்மா கூப்பிட்டார். மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "அப்பாவ கொஞ்சம் மெதுவா பாத்துக்கய்யா" என்றேன்.

தட்டிலிருந்து கையை எடுத்தான். "ஏன், யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப நீ பாரு. நாளையிலருந்து வேலைய விட்டுட்டு நீ உக்காந்து பாரு. நான் திருப்பூருக்குப் போறேன்."

நான் ரசம் ஊற்றினேன். அவன் சாப்பிட்டான்.

மே 20, திங்கள்

இன்று எழுத முடியாது.

மே 21, செவ்வாய்

அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். அவருக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்திருக்கிறார்கள். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தாளாளர், ஹெச்.எம். அம்மா, ஆசிரியர்கள் எல்லோரும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். வணக்கம் சொல்லி, போர்டை இயக்கினேன். கைபேசியை இணைத்தேன். தாளாளர், "பரவாயில்லையே, நம்ம தையல் டீச்சரா இது!" என்றார். எல்லாம் சரியாகத்தான் போனது.

ஸ்டாண்டின் கீழ் புத்தகத்தை விரித்துவைத்து ஆப்பைத் திறந்தேன். அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். 'நூலகம்' மேலே, 'வீடு' கீழே. நான் கீழே இருந்ததைத் தொட்டுவிட்டேன். பதற்றத்தில் விரல் தவறியிருக்கும். பெனசீரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

எங்கள் அறை சுவர் முழுக்க வந்து நின்றது. கட்டில், நீலப் போர்வை, தண்ணீர்ச் சொம்பு, எல்லாம் வீட்டில் இருப்பதைவிடப் பெரிதாக. அவருடைய கை கட்டியிருந்தது. சுரேன் குனிந்து அவருடைய கன்னத்தில் அறைந்தான். போர்டில் ஸ்பீக்கர் உண்டு. அந்தச் சத்தம் நூலகத்துக்குள் விழுந்தது. எனக்கு இரண்டு காதிலும் கேட்டது.

"அழு. இன்னும் சத்தமா அழு. அன்னிக்கு நான் அழுதேன்ல, உனக்குக் கேட்டுச்சா?"

மறுபடி அறைந்தான். பிறகு முழங்காலை அவருடைய நெஞ்சில் வைத்து அழுத்தினான். அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

யாரோ ஒரு டீச்சர் "ஐயோ" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. அணைக்கும் பொத்தான் மேல் மூலையில் இருக்கிறது. எத்தனையோ முறை அணைத்திருக்கிறேன். கையை அங்கே கொண்டுபோகவில்லை. அப்படியே நின்று பார்த்தேன். முழுவதும் நான் பார்த்தது அன்றுதான். பெனசீர் ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள்.

தாளாளர் எழுந்து, "இது அவங்க குடும்ப விசயம். யாரும் வெளிய பேச வேண்டாம். ஸ்கூல் பேரு இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். லூர்துமேரி டீச்சர் என்னை ஆட்டோவில் ஏற்றினார். பெனசீரும் கூட வந்தாள். 

சுரேன் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும், "என்ன, இந்நேரத்துக்கே வந்துட்ட?" என்றான். டீச்சர் அவனைத் தாண்டி நேராக உள்ளே போனார். கட்டை அவிழ்க்கிற சத்தமும் "யேசுவே, யேசுவே" என்ற குரலும் கேட்டன. சுரேன் எழுந்தான். கையில் தட்டு இருந்தது.

"தெரிஞ்சிருச்சு சுரேன். எல்லாரும் பாத்துட்டாங்க. கேமரா இருக்கு" என்றேன்.

"எங்க?"

"சாமி படத்துக்கிட்ட."

"எப்பருந்து இருக்கு?"

நான் சொல்லவில்லை. பெனசீர்தான், "இந்த மாசம் மொதல்ல இருந்து" என்றாள். அவள் அதை ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. அவளுக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்காது.

சுரேன் தட்டைப் படியில் வைத்தான். எனக்கு நன்றாகக் கேட்கும்படி வலது பக்கமாக வந்து நின்றான். இருபது வயதிலிருந்து அவன் என்னிடம் அப்படி நின்றுதான் பேசுவான்.

"அப்ப நீ பாத்திருக்க."

"இல்லய்யா…"

"பாத்திருக்கம்மா. பாத்துட்டு மறுநாளும் டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு பஸ் ஏறியிருக்க. உன் காதுல அவரு அறைஞ்சு ரத்தம் வந்துச்சே, அப்பவும் நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. என் முதுகுல பெல்ட்டு விழுந்தப்ப அடுப்படியில நின்ன. இப்பவும் அப்படியே நின்னுருக்க. ஒவ்வொரு நாளும் நீ வீட்டுக்குள்ள வரும்போது நெனப்பேன், இன்னிக்காவது கண்டுபிடிச்சு என்னையப் போட்டு அடிப்ப, வெளிய போடான்னு சொல்லுவன்னு. நீ வந்து ரசம் ஊத்துன."

பெனசீர் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போனேன்.

அவருக்கு இரண்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது. ஒன்று பழைய முறிவு என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கட்டில்லேருந்து விழுந்தாரா?" என்று கேட்டார். அவரே பதிலையும் எடுத்துக் கொடுத்ததுபோல இருந்தது. ஆமாம் என்றால் போதும். லூர்துமேரி டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"இல்ல டாக்டர். என் மகன் அடிச்சான்."

"எவ்வளவு நாளா?"

"தெரியல" என்றேன்.

பெனசீர் என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. திரும்பச் சொல் என்று நான் கேட்கவும் இல்லை.

மே 22, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள். சுரேன் எதையும் மறைக்காமல் ஒத்துக்கொண்டானாம். "பெத்த அப்பனை அடிச்சிருக்கோமேன்னு ஒரு வருத்தமும் இல்லம்மா அவன்கிட்ட" என்றார் பெண் போலீஸ். கேஸ் போடட்டுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெனசீர் மதுரைக்குப் போய்விட்டாள். போகும் முன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கி வந்திருந்தாள். "பயிற்சிச் சான்றிதழ ஹெச்.எம். மேடம்கிட்ட குடுத்திருக்கேன் மேடம், வாங்கிக்குங்க" என்றாள். இத்தனை நாளும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

மே 25, சனி

கேஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இனி இந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கினார்கள்.

துணி எடுக்க ஒரு போலீஸ்காரரோடு வந்தான். நான் அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். "எங்க போற?" என்றேன். அவன் அறை வாசலில் நின்று காலிக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அவர இனிமே நீதான பாக்கணும்" என்றான். திட்டுவதுபோல இல்லை. எனக்காகப் பயப்படுவதுபோல இருந்தது.

கைபேசி எண்ணை மாற்றிவிட்டான் போல. கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

மே 31, வெள்ளி

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று.

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளியைத் திறந்தார்கள். நான் போகவில்லை. போன வாரமே தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலியில் உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஆனா அந்த ரூமுல, அந்த போர்டு முன்னாடி உங்களப் பாத்தா ஸ்டாப்புக்கெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, பாக்கலாம்" என்றார். நான் சரிங்கய்யா என்றேன்.

நூலகத்தில் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்களாம். கம்ப்யூட்டர் படித்தவள். புத்தகப் பக்கத்தைப் போர்டில் காட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை, உன்னைக் கேட்கச் சொன்னார்கள் என்று லூர்துமேரி டீச்சர் போனில் கேட்டார். முறையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஜூன் 14, வெள்ளி

காலையிலிருந்து மாலைவரை நானும் அவரும்தான். முன்பு அவர் என் முந்தானையைப் பிடித்தது நான் போகக்கூடாது என்பதற்காக. இப்போது நான் பக்கத்தில் போனாலே இடது கையை முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொள்கிறார். யார் வந்தாலும் அப்படித்தான், பழக்கமாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். டீச்சர் வரும்போது வைப்பதில்லை.

இன்று மதியம் கஞ்சியை வாயில் வைத்திருந்து என் மேல் துப்பினார். துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். மறுபடி துப்பினார். துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பேச்சுப் போன பிறகும் அது போகவில்லை. கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பு கூடியதற்குத் தட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்த பார்வை.

அவருடைய தாடையைப் பிடித்தேன். பிடித்தது மட்டும்தான். வாயைத் திறக்கவைக்கத்தான் பிடித்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அப்போதும் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்த நேரம் முழுவதும் எனக்குக் கோபமே இல்லை. ஒரு சுகம் இருந்தது. அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

விட்டபோது என் விரல்கள் இரண்டு பக்கமும் பதிந்திருந்தன. மாத்திரையால் அப்படி ஆகும் என்று சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வாய்விட்டே சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

லூர்துமேரி டீச்சரைப் பூசை முடிந்து நேராக வரச் சொல்லியிருந்தேன். அவருடைய கைபேசியை வாங்கி அந்த ஆப்பைப் போட்டேன். என் கடவுச்சொல்லை அதில் அடித்தேன். 'வீடு' வந்தது.

"எதுக்கு செண்பகம் இது?"

"நீங்க எப்ப வேணா தொறந்து பாருங்க. ஸ்கூல்ல இருக்கும்போது, வீட்டுல இருக்கும்போது, எப்பத் தோணுனாலும்."

"அதான் இப்ப சுரேன் இல்லையே?"

"நான் இருக்கேன்ல டீச்சர்."

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தார். தாடையைப் பார்த்திருப்பார். வந்து எதிரே உட்கார்ந்தார்.  நான் எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம் பார்த்ததை, மூடிவைத்ததை, வெள்ளிக்கிழமை நடந்ததை. அந்த சுகத்தையும் சொன்னேன். தமிழில் அதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

 "கான்வென்ட்டுல முடியாதவங்களப் பாத்துக்குற இல்லம் ஒண்ணு இருக்கு. கேக்குறேன். எடம் கெடைக்க நாளாகும்" என்றார் டீச்சர். பிறகு கைபேசியை என் பக்கம் நீட்டினார். "இது மட்டும் வேணாம் செண்பகம். அடுத்தவங்க வீட்ட எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு. எனக்குக் கை கூசுது."

"எட்டிப் பாக்கத்தான் டீச்சர் சொல்றேன்."

அவர் கையை மூடி கைபேசியை அதற்குள்ளேயே வைத்தேன். சத்தம் கூட்டுவது எங்கே, படத்தைப் பெரிதாக்குவது எங்கே என்று காட்டிக்கொடுத்தேன். ஒருமுறை அவரையே செய்யச் சொன்னேன். செய்தார்.

"தப்பா எதாவது பாத்தா எனக்குப் போன் பண்ணாதீங்க. நான் எதாவது ஒரு காரணம் சொல்லிடுவேன், நல்லாச் சொல்லுவேன். நீங்க நேரா கெளம்பி வந்துருங்க. இல்லன்னா போலீசுக்குச் சொல்லுங்க. பாத்துட்டு மட்டும் பேசாம இருந்துடாதீங்க டீச்சர்."

தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகியும் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டார்.

நான் உள்ளே போனேன். அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கட்டிலில் உட்காராமல், தள்ளி, தரையில் உட்கார்ந்தேன். கை இறங்கும்வரை காத்திருந்து ஒரு கரண்டி கொடுத்தேன். விழுங்கினார். கஞ்சி ஆறிப்போனது. எழுந்து போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தேன். ஊட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.